கரடியின் கார் எத்தனை கொடுக்கும்?

ஒரு காட்டில் பொன்னுரங்கம் என்ற கரடி கார் வாங்கியது. பின்னால் டிக்கி நீட்டிக்கொண்டிருக்கும் பெரிய கார். காட்டில் இருக்கிற கரடிக்குக் கார் எதற்கு என்று கேட்டால் பதில் இல்லை. பக்கத்துப் பாறையில் குடியிருக்கும் காட்டுப்பன்றி ஏற்கெனவே ஒன்று வாங்கியிருந்தது, அவ்வளவுதான். இதற்குமேல் பெரிய காரணம் எதையும் தேட வேண்டாம்.

காரை விற்றது ஒரு மயில். ஷோரூம் வாசலிலேயே தோகையை விரித்துக்கொண்டு நிற்கும்.

"குடும்பத்துக்குன்னே செஞ்ச வண்டி சார். லிட்டருக்கு இருபத்தொண்ணு கொடுக்கும்."

பொன்னுரங்கம் சீட்டை அமுக்கிப் பார்த்தது. ஏசியைப் போட்டுப் பார்த்தது. டிக்கிக்குள் தலையை விட்டு, தேன் டின் எத்தனை வைக்கலாம் என்று பார்த்தது. பிரேக்கைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. கையெழுத்துப் போட்டது, எலுமிச்சம்பழத்தை நசுக்கியது, மனைவி தெய்வானையையும் இரண்டு குட்டிகளையும் ஏற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்தது.

வீட்டு வாசலில் கூட்டம். மான், முயல், கீரி என்று எல்லாம் வந்து காரைச் சுற்றி நின்றன. என்ன கலர் என்று யாரும் சொல்லவில்லை, நல்லா இருக்கு என்றுகூடச் சொல்லவில்லை. காட்டுப்பன்றி ஆண்டியப்பன்தான் முதலில் வாயைத் திறந்தது.

"என்ன மைலேஜ் கொடுக்குது?"

கார் காட்டுக்குள் வந்து பத்து நிமிடம்தான் ஆகியிருந்தது.

"இருபத்தொண்ணு" என்றது பொன்னுரங்கம்.

"பரவாயில்லையே. என்னோடது சின்ன வண்டிதான். ஆனா இருபத்திமூணு கொடுக்குது."

ஆண்டியப்பனின் வண்டியை மாதத்துக்கு இரண்டு தடவை எருமை கட்டித்தான் இழுத்து வருவார்கள். இழுத்து வரும்போது பெட்ரோல் செலவே இல்லையல்லவா, அதையும் சேர்த்துச் சொல்லியிருக்கும்.

ஒரு வாரம் போனது. பொன்னுரங்கத்துக்கு உள்ளுக்குள் உறுத்தல். டேங்கை நிரப்பி ஓட்டி, மறுபடி நிரப்பிக் கணக்குப் பார்த்துவிடலாம் என்று பெட்ரோல் பங்குக்குப் போனது. அங்கே வேலை பார்ப்பது ஒரு தேவாங்கு. அரைத் தூக்கத்தில் வந்து, "ஜீரோ பாத்துக்கங்க" என்று சொல்லிவிட்டு, மீதித் தூக்கத்தைத் தூங்கிக்கொண்டே நிரப்பியது.

கணக்கு வந்தது. லிட்டருக்குப் பதினொன்று.

வராமல் என்ன செய்யும்? காரில் போவது நான்கு கரடி. உடம்பெல்லாம் முடி, அதனால் ஏசி எப்போதும் நாலில். குட்டிகளைப் பள்ளிக்கூடத்தில் விடும் பாதையில் யானை வேன் முன்னால் நிற்கும், அதன் பின்னாலேயே கிளட்சை மிதித்துக்கொண்டு முதல் கியரில் ஊர்வலம். இதில் பதினொன்று கொடுத்ததே பெரிய விஷயம். கரடிக்கு இதெல்லாம் தோன்றவில்லை. நேராக மயிலிடம் போய் நின்றது.

"இருபத்தொண்ணுன்னு சொன்னீங்களே?"

"கம்பெனி சொன்னதைச் சொன்னேன் சார். அது ஏசி இல்லாம, லோடு இல்லாம, டிராஃபிக் இல்லாம எடுக்கிற கணக்கு."

"அப்ப ரோட்டுல ஓட்டினா?"

"ரோட்டுல ஓட்டினா நாங்க பொறுப்பு இல்ல சார்" என்று சொல்லிவிட்டு மயில் தோகையைச் சுருட்டிக்கொண்டு உள்ளே போய்விட்டது.

வீட்டில் தெய்வானை ஒரே வரியில் முடித்துவிட்டது. "வெளியில சொல்லித் தொலைக்காதீங்க."

சரி, சொல்லாமல் இருந்துவிடலாம் என்றுதான் பொன்னுரங்கமும் நினைத்தது. அதற்குள் போன் வந்தது. அடுத்த காட்டில் இருக்கும் தங்கை மரகதத்தின் வீட்டுக்காரர். பெயர் சங்கிலி. தேன் வியாபாரம்.

"மச்சான், நீங்க வாங்கின அதே வண்டியை நானும் எடுக்கிறேன். வெள்ளிக்கிழமை புக்கிங். இருபத்தொண்ணு கொடுக்குதாமே? ஆண்டியப்பன் சொன்னாப்ல."

சங்கிலி தினமும் சந்தைக்கு அறுபது கிலோமீட்டர் போய்வரும் ஆள். இருபத்தொன்றை நம்பி வாங்கிவிட்டு, பதினொன்றைப் பார்த்தால் தேன் விற்ற காசெல்லாம் தேவாங்கு கைக்குத்தான் போகும். தங்கச்சி வீடு. எப்படி வாயை மூடிக்கொண்டு இருப்பது?

"மாப்ள, ஒரு விஷயம். அது இருபத்தொண்ணெல்லாம் கொடுக்காது. பதினொண்ணுதான். நானே டேங்க் ஃபுல் பண்ணிப் பார்த்துட்டேன். வேற வண்டி பாருங்க."

சங்கிலி நிதானமாகக் கேட்டது.

"ஊரு பூரா இருபத்தொண்ணு. எனக்கு மட்டும் பதினொண்ணா மச்சான்?"

"இல்ல மாப்ள, சத்தியமா..."

"புரியுது மச்சான். வச்சுடறேன்."

அரை மணி நேரத்தில் தங்கையிடமிருந்து வாய்ஸ் மெசேஜ் வந்தது. பொன்னுரங்கம் அதை ஸ்பீக்கரில் போட்டது தப்பு. தெய்வானையும் குட்டிகளும் கேட்டுவிட்டார்கள்.

"அண்ணே, நீ மட்டும் கார்ல போகணும், நாங்க கடைசி வரைக்கும் நடந்தே போகணும், அப்படித்தானே? உன்கூடப் பொறந்தவ நல்லா இருக்கிறது உனக்கே பொறுக்கலையா? என் குட்டிக்குக் காதுகுத்து வச்சிருக்கேன். தாய்மாமன் மடியில உக்கார வச்சுத்தான் குத்தணும்னு ஆசையா இருந்தேன். எங்க வீட்டுக்காரருக்குப் பெரியப்பா பையன் இருக்காப்ல. அவர் மடியே போதும்."

அடுத்த நிமிடம் குடும்ப வாட்ஸாப் குரூப்பிலிருந்து மரகதம் வெளியேறியது.

பொன்னுரங்கம் அப்படியே உட்கார்ந்துவிட்டது. அதற்கு ஒரே தங்கை. தங்கைக்கு ஒரே குட்டி. குட்டிக்குப் போட வேண்டிய தோட்டை மூன்று மாதம் முன்பே வாங்கிப் பீரோவில் வைத்திருந்தது.

"நான் அப்பவே சொன்னேன்" என்றது தெய்வானை.

"உண்மையைத்தானே சொன்னேன்?"

"அதான். யாரு கேட்டா உங்களை?"

பள்ளிக்கூடப் புத்தகத்தில் வரும் கதையாக இருந்தால், இந்த இடத்தில் ஒரு கிழ ஆந்தை வந்து 'உண்மை ஒருநாள் வெளிப்படும்' என்று சொல்லிவிட்டுப் போகும். பொன்னுரங்கமும் அந்த மாதிரிக் கதைகளைப் படித்த கரடிதான். உண்மையை நேரில் நிரூபித்துவிடலாம் என்று கிளம்பியது. வியாழக்கிழமை காரை எடுத்துக்கொண்டு தங்கை வீட்டுக்கே போனது. மரகதம் கதவைத் திறக்கவில்லை. சங்கிலி மட்டும் வெளியே வந்தது.

"மாப்ள, டேங்க் ஃபுல் பண்றேன். நீங்களே ஓட்டுங்க. நீங்களே கணக்குப் பாருங்க. பதினொண்ணுக்கு மேல வந்தா அந்தத் தாய்மாமன் பேச்சையே நான் எடுக்கல."

"சரி. ஆனா எந்த ரோடுன்னு நான்தான் சொல்லுவேன்" என்றது சங்கிலி.

சங்கிலி சொன்ன ரோடு மலைப்பாதை. காடு இருப்பது மலை உச்சியில். அங்கே டேங்கை நிரப்பிக்கொண்டு அடிவாரம் வரை முப்பது கிலோமீட்டர், முழுக்க இறக்கம். குட்டிகள் இல்லை, சாமான் இல்லை. ஏசி கூடாது என்றது சங்கிலி. கண்ணாடியை இறக்கினால் காற்று உள்ளே வந்து வண்டியைப் பிடித்து இழுக்குமாம், அதனால் அதுவும் கூடாது. இரண்டு கரடிகளும் மூடின காருக்குள் வியர்த்து ஒழுக ஒழுக உட்கார்ந்திருந்தன.

"மாப்ள, மூச்சு முட்டுது."

"பேசாதீங்க மச்சான். பேசினா வண்டி ஆடும்."

அடிவாரத்தில் இருந்த பங்கில் மறுபடி நிரப்பினார்கள். ஒரே ஒரு லிட்டர்தான் பிடித்தது.

சங்கிலி கீழே இறங்கி, முகத்தைத் துடைத்துக்கொண்டு, பொன்னுரங்கத்தை ஒரு பார்வை பார்த்தது. "முப்பது."

"மாப்ள, இது இறக்கம். திரும்பி மேல ஏறுற கணக்கையும் பார்க்கணுமில்ல?"

"ஏறும்போது கொடுக்கலைன்னா அது மலையோட குத்தம் மச்சான். வண்டி என்ன பண்ணும்?"

இதற்கு என்ன பதில் சொல்வீர்கள்? திரும்பி ஏறும்போது இரண்டாவது கியரைத் தாண்டவே முடியவில்லை. பெட்ரோல் முள் இறங்கிக்கொண்டே இருந்தது. சங்கிலி வழி முழுக்க ஜன்னல் பக்கமே திரும்பி உட்கார்ந்துகொண்டு காட்டைப் பார்த்தது.

வெள்ளிக்கிழமை சங்கிலி அதே வண்டியை அதே மயிலிடம் வாங்கியது. முப்பது கொடுக்கும் வண்டியைப் பதினொன்று என்று சொல்லித் தடுக்கப் பார்த்த கரடி என்று பொன்னுரங்கத்தின் பெயர் இரண்டு காட்டிலும் பரவியது. கீரி வணக்கம் சொல்வதை நிறுத்தியது. முயல் ஒன்று தன் குட்டியிடம், "அந்தா போறாரு பாரு வயித்தெரிச்சல் மாமா" என்று காட்டியது.

காதுகுத்துப் பத்திரிகை வந்தது. தாய்மாமன் பெயர் போட வேண்டிய இடத்தில் 'உற்றார் உறவினர்' என்று போட்டிருந்தார்கள். தெய்வானை அதை மூன்று தடவை படித்துவிட்டு, "தோட்டைக் கொடுத்துட்டு, சாப்பிடாம வந்துருவோம்" என்றது.

காதுகுத்து அன்று வாசலில் சங்கிலியின் புதுக் கார் நின்றது. சீட்டில் பிளாஸ்டிக் உறைகூடக் கிழிக்கவில்லை. ஆனால் சங்கிலி இளைத்துப் போயிருந்தது. இளைத்த கரடியைப் பார்ப்பது ரொம்ப அபூர்வம். பொன்னுரங்கத்திடம் அது பேசவில்லை. ஆள் பற்றாத நேரம் என்பதால் வேறு வழியில்லாமல், காரின் முன்சீட்டில் இருந்த பூத்தட்டை எடுத்துவரச் சொன்னது.

பொன்னுரங்கம் காருக்குள் குனிந்தது. ஸ்டியரிங்குக்குப் பின்னால், மீட்டரின் நடுவில், வேல் படம் போட்ட ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. சாமி ஸ்டிக்கரை யாரும் அங்கே ஒட்ட மாட்டார்கள். சராசரி மைலேஜ் நம்பர் வரும் இடம் அது. நகத்தால் ஒரு ஓரத்தை மெதுவாகத் தூக்கிப் பார்த்தது.

பத்து புள்ளி இரண்டு.

பொன்னுரங்கத்துக்குச் சிரிப்பு வந்தது. அப்புறம், அந்த வியாபாரி தினமும் அறுபது கிலோமீட்டர் இந்த ஸ்டிக்கரையே பார்த்துக்கொண்டு ஓட்டுவதை நினைத்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. ஓரத்தை மறுபடி அமுக்கி ஒட்டியது. தட்டை எடுத்துக்கொண்டு நிமிர்ந்தால், பத்தடி தள்ளி சங்கிலி நின்றுகொண்டிருந்தது. எல்லாவற்றையும் பார்த்துவிட்டது.

உள்ளே காது குத்த மரங்கொத்தி அலகைத் தீட்டிக்கொண்டு தயாராக இருந்தது. மரகதம் குட்டியைத் தூக்கிக்கொண்டு, பெரியப்பா பையன் உட்கார்ந்திருந்த மணைப் பக்கம் நடந்தது. அந்த நேரம் பார்த்து ஆண்டியப்பன், பந்திக்கு முன்னாலேயே வாய்க்குள் தள்ளியிருந்த இரண்டு லட்டை விழுங்கிக்கொண்டே, சபைக்குக் கேட்கிற மாதிரிக் கேட்டது.

"சங்கிலி, நான் என் வண்டியைத் தள்ளிவிட்டுட்டு உன்னுது மாதிரி எடுக்கலாம்னு இருக்கேன். ஒளிக்காம சொல்லு. என்ன கொடுக்குது? உன் மச்சான் பதினொண்ணுங்கிறாப்ல."

எல்லாத் தலையும் திரும்பியது. சங்கிலியின் காது இரண்டும் தொங்கிப்போயின. உண்மையைச் சொன்னால் சபை சிரிக்கும். பெண்டாட்டி முன்னால், பெற்ற குட்டியின் விசேஷத்தில். மரகதம் வீட்டுக்காரரைப் பார்த்தது. அதற்கு இன்னும் விஷயம் தெரியாது. ஆனால் அந்தக் காதைப் பார்த்ததும் ஏதோ புரிந்துவிட்டது. குட்டியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றது.

பொன்னுரங்கத்துக்கு இதைவிட நல்ல நேரம் கிடைக்காது. 'ஸ்டிக்கரைத் தூக்கிப் பாருங்க' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், வயித்தெரிச்சல் மாமா என்ற பெயர் அன்றைக்கே போய்விடும்.

அது தட்டைக் கீழே வைத்தது.

"ஆண்டியப்பா, பதினொண்ணுன்னு சொன்னது நான்தான். எனக்கு ஓட்டத் தெரியலப்பா. கிளட்ச்லயே காலை வச்சுக்கிட்டு ஓட்டுறேன், எப்படிக் கொடுக்கும்? மாப்ள ஓட்டினப்ப நான் பக்கத்துல உக்காந்திருந்தேன். முப்பது. என் கண்ணால பார்த்தேன்."

சங்கிலி தொண்டையைக் கனைத்துக்கொண்டது.

"இருபத்தொன்பது மச்சான்" என்றது கொஞ்சம் நெஞ்சை நிமிர்த்தி. "குழந்தை விசேஷத்துல பொய் சொல்லக் கூடாது."

"ஆமா, இருபத்தொன்பது. நான் ரவுண்டாச் சொல்லிட்டேன்."

மரகதம் பெரியப்பா பையனைப் பார்த்து, "நீங்க கொஞ்சம் எந்திரிங்க" என்றது. அண்ணனை மணையில் உட்காரவைத்து, மடியில் குட்டியை வைத்தது. "கெட்டியாப் பிடிச்சுக்கண்ணே. திமிருவான்" என்றது. சங்கிலி தானே போய் மச்சான் தோளில் துண்டைப் போட்டது.

மரங்கொத்தி ஒரே கொத்து. குட்டி காடே அதிரக் கத்தி, மாமன் கையைக் கடித்தது. பொன்னுரங்கம் ஆனந்தமாகக் கடி வாங்கிக்கொண்டது.

வாசலில் ஆண்டியப்பன் யாரிடமோ மயிலின் போன் நம்பரை வாங்கிக்கொண்டிருந்தது.

நீதி: சொந்தக்காரர் கார் வாங்கும் முன் உண்மையைச் சொன்னால் அதற்குப் பெயர் பொறாமை. வாங்கிய பின் பொய் சொன்னால் அதற்குப் பெயர் பாசம். எனவே எத்தனை கொடுக்குது என்று யாராவது கேட்டால், முதலில் அவர் வாங்கிவிட்டாரா என்று கேட்டுக்கொள்ளவும்.