முப்பத்திரண்டு முறை மெல்லவும்

எத்திராஜ் பத்தொன்பதாவது தடவை மென்றுகொண்டிருந்தபோது இலையில் இன்னொரு கரண்டி சோறு விழுந்தது.

"ம்ம்... ம்ம்..." என்று தலையை ஆட்டினார். வாய் நிறையச் சோறு. முப்பத்திரண்டு முடியாமல் விழுங்கக் கூடாது.

"இன்னும் வோணுமா? கேட்டு வாங்கித் துன்னணும்ணே. கூச்சப்படாத" என்று மெஸ் நடத்தும் பட்டம்மாள் இன்னும் ஒரு கரண்டி போட்டாள்.

மீதியையும் மென்று விழுங்கி "போதும்" என்று அவர் வாயைத் திறந்தபோது, அவள் குழம்பையும் ஊற்றிவிட்டு அடுப்படிக்குப் போயிருந்தாள்.

இத்தனைக்கும் காரணம் நர்ஸ் கார்குழலி. எத்திராஜ் கிரேன் ஓட்டும் கண்டெய்னர் யார்டில் வருடாந்திர செக்கப் நடத்தியவள் அவள்தான்.

"தொண்ணூத்தி நாலு கிலோ. சாப்பிட எவ்ளோ நேரம் எடுத்துக்கிறீங்க சார்?"

"நாலு நிமிஷம்."

"நாலா?"

"கப்பல் நிக்காதும்மா. இருபது வருஷமா அப்படித்தான்."

"வயிறு ரொம்பிடுச்சுன்னு மூளைக்குத் தெரியவே இருபது நிமிஷம் ஆகும் சார். தகவல் போய்ச் சேர்றதுக்குள்ள நீங்க ரெண்டு ஆளு சாப்பாட்டை உள்ள தள்ளிடுறீங்க. ஒவ்வொரு வாயையும் முப்பத்திரண்டு தடவை மெல்லுங்க. அளவு தானா குறையும்."

"குறையலைன்னா?"

"அடுத்த மாசம் தொண்ணூறுக்கு மேல இருந்தா ஏணி ஏற விட மாட்டாங்க. கீழ ஸ்டோர்ல உக்கார வேண்டியதுதான்."

அன்று இரவு எத்திராஜுக்குத் தூக்கம் வரவில்லை. அறுபதடி உயரத்தில் இருக்கும் அந்தக் கண்ணாடிக் கூண்டில் வாக்கி-டாக்கி ஒன்று உண்டு. அதில் ஒரு குரல் ஒரு ஷிப்டில் நூறு தடவையாவது "எத்திராஜ், ரெடியா?" என்று கேட்கும். மனைவி போய்ச் சேர்ந்த இந்த மூன்று வருடத்தில் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட அந்தக் குரல்தான் மிச்சம். ஸ்டோரில் யாரும் யாரையும் கூப்பிடுவதில்லை. சீட்டு நீட்டுவார்கள், சாமானை எடுத்துக் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான்.

அதனால் கூண்டுக்குள் அள்ளிப் போட்டுக்கொள்வதை விட்டார். ஷிப்ட் முடிந்து மூன்று மணிக்குத் திருவொற்றியூரில் பட்டம்மாள் தன் வீட்டு முன்னறையில் நடத்தும் மெஸ்ஸுக்கு வந்து மாத அட்டை வாங்கினார். லாரி டிரைவர்களின் கூட்டம் அந்த நேரத்தில் வடிந்திருக்கும். நிதானமாக மெல்லலாம்.

மெல்லலாம்தான். ஆனால் எழுந்திருக்காதவர் இலையைக் காலியாக விடும் பழக்கம் பட்டம்மாளுக்கு இல்லை. நாலு நிமிடத்தில் எழுந்துவிடும் டிரைவர்களுக்கு ஒரு தடவைதான் பரிமாறினாள். நாற்பது நிமிடம் உட்கார்ந்தவருக்கு ஐந்து தடவை வந்தாள்.

மறுநாள் அவர் வழி கண்டுபிடித்தார். வாயால் சொல்ல முடியாவிட்டால் என்ன, கையால் சொல்லலாமே. அவள் கரண்டியோடு வந்ததும் இலைக்கு மேலே உள்ளங்கையைக் காட்டினார்.

"ரசமா? ஊத்துறேன், உறிஞ்சிக்க" என்று பட்டம்மாள் உள்ளங்கையில் ரசத்தை ஊற்றினாள். சூட்டில் துடித்துப்போய்க் குடித்தார்.

"எப்டி கீது?"

வாயில் பதினொன்று ஓடிக்கொண்டிருந்தது. தலையை ஆட்டினார். இன்னும் இரண்டு தடவை ஊற்றினாள்.

ஒரு வாரம் இப்படிப் போனபின் கடைசி வழியைக் கையில் எடுத்தார். இரண்டாவது கரண்டிக்கு முன்பே இலையை மடித்துவிடுவது. மடித்த இலையில் யார் சோறு போட முடியும்?

அன்றைக்கு இலைக்குப் பதில் எவர்சில்வர் தட்டு வந்தது.

"இலை வர்லண்ணே."

எத்திராஜ் தட்டின் விளிம்பைத் தடவிப் பார்த்தார். மடிக்க வழியில்லை.

கரும்பலகையில் அன்றைய சாப்பாடும் எழுதியிருக்கவில்லை. மூன்று மேஜைகளில் ஒன்றுதான் இருந்தது. வெள்ளையடிக்கப் போகிறாள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார். அன்றையச் சாப்பாட்டுக்கு ஓட்டை போட மாத அட்டையை நீட்டினால், "ஓட்டை போடுற மிஷினு எங்கியோ கீது, அப்பாலிக்கா பாத்துக்கலாம்" என்றாள்.

கார்குழலிக்குப் போன் செய்தார்.

"சாப்பிடும்போது பேசிப் பாருங்க சார். பேசினா கை நிக்கும்."

"ஆரோட பேசறது?"

"யாராவது இருப்பாங்க சார்" என்றாள்.

எத்திராஜ் பேச ஆரம்பித்தார். வாழ்க்கையில் முதல் தடவையாக, கூண்டிலிருந்து பார்த்தால் கடல் எத்தனை நிறம் மாறும் என்று ஒரு மனுஷிக்குச் சொன்னார். பட்டம்மாள் கரண்டியைக் கீழே வைத்தாள். தனக்கும் ஒரு தட்டு எடுத்துக்கொண்டு எதிரில் உட்கார்ந்தாள்.

"மேலேர்ந்து பாத்தா என் வூடு தெரியுமா?"

"பச்சை ஓடு போட்டதுதானே? தெரியும்."

"துணி காயப் போட்டா?"

"அதும் தெரியும்."

"அடப்பாவி மனுசா" என்று சிரித்தாள்.

பேசினால் கை நின்றது உண்மைதான். ஆனால் பேச்சில் வந்ததெல்லாம் மறுநாள் தட்டிலும் வந்தது. காய்ந்த இறால் தொக்கு பிடிக்கும் என்றார், வந்தது. நெத்திலி வறுவல் பற்றிச் சொன்னார், அதுவும் வந்தது. நாற்பது நிமிடச் சாப்பாடு ஒன்றரை மணி நேரம் ஆனது.

"நல்லதாப் போச்சுண்ணே. எனுக்கும் இப்பத்தான் ரெண்டு வாய் எறங்குது" என்றாள் பட்டம்மாள்.

மாதம் முடிந்து எடை மிஷின் மேல் ஏறினார்.

"தொண்ணூத்தி ஏழு. எவ்ளோ நேரம் சாப்பிடுறீங்க சார்?" என்றாள் கார்குழலி.

"ஒன்றரை மணி நேரம்."

அவள் பேனாவைக் கீழே வைத்தாள். "எங்க?"

"மெஸ்ஸுல."

"பதினஞ்சு நாள் டைம் வாங்கித் தரேன். அந்த மெஸ்ஸை விடுங்க. இல்லைன்னா கிரேனை விடுங்க."

இரண்டில் ஒன்று. பஸ் முழுக்க யோசித்தார். இருபது வருடக் கூண்டு. நூறு தடவை கேட்கும் அந்தக் குரல். கடைசியில் மனதைக் கல்லாக்கிக்கொண்டு, சொல்ல வேண்டிய வாக்கியத்தை முப்பத்திரண்டு முறை வாய்க்குள் மென்றபடி மூன்று மணிக்கு வந்து சேர்ந்தார்.

கதவு பூட்டியிருந்தது. பக்கத்தில் இஸ்திரி வண்டி துரை சட்டைக் காலரைத் தேய்த்துக்கொண்டிருந்தான்.

"அக்கா காசிமேட்டுக்குப் போயிகீது. சங்கரா மீனு வாங்கியாந்து கொழம்பு வெக்கணுமாம். இப்ப வந்துரும், குந்து."

எத்திராஜ் உட்காரவில்லை. முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டியதில்லை என்பதில் ஒரு நிம்மதி.

"துரை, அவங்களாண்ட ஒண்ணு சொல்லிடு. நாளைலேர்ந்து நான் மெஸ்ஸுக்கு வரமாட்டேன்."

துரை இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு அவரை ஏற இறங்கப் பார்த்தான்.

"எந்த மெஸ்ஸு நைனா? லாரி ஸ்டாண்டு மாறிப்போனதும் அத்த மூடி மூணு வாரம் ஆவுது. நீ துன்னுகினு கீறது அக்கா வூட்டுச் சோறு."