தபசு காலத்தில் ஒரு படகு ஆட்டம்

இந்தத் தபசு காலத்தில் சினிமாவைத் துறப்பது என்று தீர்மானித்தேன். நான் மட்டுமல்ல, என் வீடே துறக்க வேண்டும் என்று தீர்மானித்தேன்.

விபூதிப் புதனிலிருந்து ஈஸ்டர் வரை எங்கள் கிறிஸ்தவ வேதக்காரர்கள் ஆளுக்கு ஒன்றை ஒறுப்பார்கள். ஒருவர் கறியை விடுவார். ஒருவர் சுருட்டை விடுவார். போன வருஷம் நான் பாகற்காயை விட்டேன். கொஞ்சம்கூடக் கஷ்டமாக இல்லை. சினிமா எனக்குப் பாகற்காய்க்கு அண்ணன். அதை விடுவதில் என்ன கஷ்டம்?

ஆனால் என் மனைவி சலோமிக்கு சினிமா உயிர். அங்கேதான் என் திட்டமே இருக்கிறது.

காரணம் ஒரு மெஷின். திருமலைராயன்பட்டினத்து ஜெய்னுலாபுதீன், பள்ளிக்கூடத்தில் என்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவன். இப்போது காரைக்கால் கடைத்தெருவில் ஃபாரின் சாமான் கடை வைத்திருக்கிறான். அவன் தம்பி சிங்கப்பூரிலிருந்து ஒரு டி.வி. கேம் கொண்டுவந்து வைத்துவிட்டுத் திரும்பிப் போயிருந்தான். வீட்டுப் பிள்ளைகள் அதைப் பிரித்து மேய்ந்துவிடும் என்று பயந்து, ஜெய்னுலாபுதீன் அதை என்னிடம் கொண்டுவந்தான்.

"பத்திரமா வச்சிருப்பா சந்தனம். உங்க ஈஸ்டர் அன்னிக்கு தம்பி வந்திடுவான். வந்ததும் மெட்ராசுக்கு எடுத்துக்கிட்டுப் போயிடுவான்."

"அதுவரைக்கும் ஆடலாமா?"

"ஆடு. கைப்பிடியை மட்டும் ஒடிச்சிடாதே."

நான் முனிசிபாலிட்டியில் குமாஸ்தா. எங்கள் ஊர்ப் பெரியவர்கள் முனிசிபாலிட்டியை இன்னும் பிரெஞ்சுக்காரன் வைத்த பெயரில் 'மேரி' என்றுதான் சொல்கிறார்கள். நான் குடியிருக்கும் கோவில்பத்தில் என் பக்கத்து வீட்டில் இருப்பவள் அந்தோணிமேரி. ஆக, பகலில் ஒரு மேரி, மாலையில் ஒரு மேரி. இரண்டு இடத்திலும் என் பேச்சு எடுபடாது. அப்படிப்பட்ட என் கையில் ஒரு கைப்பிடி. இடது பக்கம் ஒடித்தால் டி.வி.க்குள் ஒருவன் இடது பக்கம் போகிறான். எதிர்த்துக் கேள்வி கேட்பதில்லை. வாழ்க்கையில் முதல் முறையாக எனக்கு ஒருவன் கீழ்ப்படிந்தான்.

மெஷினோடு நான்கு கேசட் வந்திருந்தது. ஒரு கேம் ஆடினால் அதைப் பற்றி நான்கு பேரிடம் அபிப்பிராயம் சொல்லாமல் எனக்குச் சோறு இறங்காது. டென்னிஸ் கேம் சரியில்லை. பந்து சதுரமாக இருக்கிறது. சதுரப் பந்தை உருட்டவே முடியாது, அப்புறம் எங்கே அடிப்பது? வானத்திலிருந்து பூதங்கள் வரிசையாக இறங்கும் கேம் ஒன்று. எங்கள் தெரு ரேஷன் கடையில்கூட அப்படி ஒழுங்கான வரிசையை நான் பார்த்ததில்லை. சுட மனசு வரவில்லை. ரோட்டைக் கடக்கும் கேம் எனக்கெதற்கு? காரைக்கால் பஸ் ஸ்டாண்டு எதிரே தினமும் சைக்கிளோடு அதைத்தான் ஆடுகிறேன், மூன்று முறை விழுந்தும் இருக்கிறேன்.

நாலாவது படகு கேம். அதுதான் கேம்! ஆற்றில் படகு. பாறை வரும், சுழல் வரும், முதலை வரும். ஒவ்வொரு பாலத்தைத் தாண்டும்போதும் தண்ணீரின் நிறம் மாறும். கேசட் அட்டையில் கடைசிப் பாலத்தையும் அதற்கு அப்பால் ஒரு வெளிச்சத்தையும் வரைந்திருந்தார்கள். அந்த வெளிச்சம் என்ன? காரைக்காலில் எவனும் பார்த்ததில்லை என்று ஜெய்னுலாபுதீன் சொன்னான். முதலில் பார்ப்பவன் நான், முதலில் அபிப்பிராயம் சொல்பவனும் நான் என்று முடிவு கட்டினேன். ஈஸ்டருக்குள் பார்த்தாக வேண்டும்.

இடைஞ்சல் ஒன்றே ஒன்றுதான். டி.வி. ஒன்று, ஆள் இரண்டு. நான் ஆன்டெனா ஒயரைப் பிடுங்கி கேம் ஒயரைச் சொருகப் போனால் போதும், சலோமிக்கு ஏதாவது ஒரு நிகழ்ச்சி ஞாபகம் வந்துவிடும். வெள்ளிக்கிழமை பாட்டு. ஞாயிற்றுக்கிழமை படம். மற்ற நாட்களில் விவசாய நிகழ்ச்சி. எங்களுக்கு நிலம் கிடையாது, தொட்டியில் ஒரு கறிவேப்பிலைச் செடி இருக்கிறது. அதற்காக உரம் பற்றி அரை மணி நேரம் கேட்பாள்.

அதனால்தான் இந்தத் துறவு. விபூதிப் புதனுக்கு முதல் நாள், அந்தோணிமேரி வீட்டுக்கு வந்திருந்த நேரமாகப் பார்த்து ஆரம்பித்தேன். எங்கள் கோவில் பங்கில் மரியாயின் சேனை என்ற பக்த சபைக்கு அவள்தான் தலைவி. அவள் காதில் விழுந்தால் அது கோவில் மணியில் கட்டிவிட்ட மாதிரி. பிறகு சலோமி பின்வாங்க முடியாது.

"சலோமி, இந்தத் தபசு காலத்துல நம்ம வீட்ல டி.வி. நிகழ்ச்சி கிடையாது. படம், பாட்டு, உரம், எதுவும் கிடையாது. ஆண்டவர் பாடுபட்ட நாள்ல நாம டான்ஸ் பாக்கலாமா?"

அந்தோணிமேரிக்குக் கண் கலங்கிவிட்டது. "அண்ணே! நீங்களா பேசுறீங்க?"

"சரிங்க" என்றாள் சலோமி.

எனக்குத் திக்கென்றது. கல்யாணமான நாளிலிருந்து அவள் ஒரே சொல்லில் எதற்கும் ஒத்துக்கொண்டதில்லை.

"நான் டி.வி. நிகழ்ச்சியை ஒறுக்கிறேன். நீங்க எதை ஒறுக்கிறீங்க?"

"நானும் அதைத்தான்."

"உங்களுக்குத்தான் படம்னாலே கொட்டாவி வருமே? ஏன் மேரி, புடிக்காததை விட்டா அது ஒறுத்தலா?"

"அது எப்படி அண்ணி ஒறுத்தலாகும்? புடிச்சதைத்தான் விடணும். போன வருசம் அண்ணன் பாகக்காயை விட்டாருன்னு கேட்டப்பவே எனக்கு ஒரு மாதிரியா இருந்துச்சு."

"அவருக்குப் புடிச்சது என்னான்னு நீயே சொல்லேன்."

இரண்டு பேரும் திரும்பி அந்த மெஷினைப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன். அது பாவம், ஒன்றும் தெரியாமல் உட்கார்ந்திருந்தது.

"இல்லை மேரி, அது வந்து..."

"அண்ணன் கேமை ஒறுக்கிறாரு!" என்று அந்தோணிமேரி கையெடுத்துக் கும்பிட்டாள். "அண்ணி படத்தை ஒறுக்கிறாங்க, அண்ணன் கேமை ஒறுக்கிறாரு. இப்படி ஒரு குடும்பம் நம்ம பங்குல உண்டா!"

மறுநாள் காலைப் பூசையில் சாமியார் என் நெற்றியில் சாம்பல் பூசும்போதே, "கேள்விப்பட்டேன் சந்தனசாமி, ரொம்ப சந்தோஷம்" என்றார். மேரி வேலை செய்திருந்தது. எந்த மேரி என்று சொல்லத் தேவையில்லை.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் டி.வி. இருந்த இடத்தில் ஊதா நிறத்தில் ஏதோ நிற்கிறது. கோவிலில் தபசு காலத்தின் கடைசியில் மாதா, புனிதர் சுரூபங்களை ஊதாத் துணி போட்டு மூடுவார்கள். அந்தத் துணி தைப்பது சலோமிதான்.

"மிச்சத் துணி இருந்துச்சுங்க. மூடிட்டேன்."

"கோவில்லேயே கடைசி ரெண்டு வாரம்தானே மூடுவாங்க?"

"நமக்கு பக்தி கொஞ்சம் கூடத்தானே இருக்கு?"

நான் பட்ட பாட்டை எப்படிச் சொல்வேன்! சோற்றில் ரசம் ஊற்றினால் கை தானாகப் பருப்புப் பாறையைச் சுற்றி வளைந்து போகும். ஆபீசில் பேனா ஸ்டாண்டை இடது பக்கம் ஒடித்து மையைக் கொட்டினேன். துக்கம் தாங்காமல் ஜெய்னுலாபுதீனைப் பார்க்கத் திருமலைராயன்பட்டினத்துக்கு சைக்கிளை விட்டேன். அரசலாற்றுப் பாலத்தைக் கண்டதும் அதன் அடியில் புகுந்துவிடப் பார்த்தேன். எதிரே வந்த மாட்டுவண்டிக்காரர் என் பரம்பரையையே விசாரித்தார்.

ஜெய்னுலாபுதீன் என் கதையைக் கேட்டுவிட்டு காலண்டரைக் கிழிக்காமல் புரட்டினான்.

"நாப்பது நாள் நோன்புன்னுதானே சொன்னே? எண்ணினா நாப்பதுக்கு மேல வருதே. எங்கேயோ கணக்கு உதைக்குதுப்பா."

எனக்குப் பளிச்சென்றது. சின்ன வயதில் உபதேசியார் தொடையைக் கிள்ளிக் கிள்ளிச் சொல்லித் தந்த பாடம்! ஞாயிற்றுக்கிழமை ஆண்டவர் உயிர்த்த நாள். அது தபசு நாள் கணக்கில் சேராது.

"ஜெய்னு! ஞாயித்துக்கிழமை கணக்குல இல்லைடா! ஞாயித்துக்கிழமை நான் ஆடலாம்!"

"எங்க நோன்புல இந்த மாதிரி சந்து பொந்தெல்லாம் கிடையாதுப்பா" என்று அவன் பொறாமையோடு சொன்னான்.

நேராகச் சாமியார் பங்களாவுக்குப் போனேன். அவர் ஆமாம் என்றார். அதோடு திரும்பியிருக்கலாம். என் புத்தி விடுமா? நான் சொன்னால் சலோமி நம்பமாட்டாள். சாமியாரே சொன்னால்?

"சாமி, சனங்களுக்கு இது தெரியாம ஞாயித்துக்கிழமையும் வாடிக் கிடக்குதுங்க. பிரசங்கத்துல ஒரு வார்த்தை சொன்னா நல்லது."

"நல்ல யோசனை" என்றார் சாமியார்.

சொன்னார். ஞாயிறு மகிழ்ச்சியின் நாள், அன்று ஒறுத்தல் வேண்டியதில்லை, இதை எனக்கு ஞாபகப்படுத்தியவர் நம் சந்தனசாமி என்று என் பெயரையும் சேர்த்துச் சொன்னார். ஆண்கள் பக்கத்திலிருந்து பெண்கள் பக்கத்தில் இருந்த சலோமியை ஒரு பார்வை பார்த்தேன். ஜெயித்தவன் பார்வை. அவள் தலையை மூடியிருந்த முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு செபமாலையை உருட்டினாள்.

பூசை முடிந்ததும் நின்று நாலு பேருடைய நன்றியை வாங்கிக்கொண்டேன். எல்லோரும் ஏன் இவ்வளவு உருக்கமாக நன்றி சொல்கிறார்கள் என்று அப்போது எனக்கு உறைக்கவில்லை.

வீட்டு வாசலில் பதினைந்து ஜோடி செருப்பு கிடந்தது. உள்ளே ஊதாத் துணி மடித்து வைக்கப்பட்டிருந்தது. டி.வி.யில் காலை இந்தித் தொடர். தெருவே உட்கார்ந்திருந்தது. இந்தி தெரிந்தவர் ஒருவரும் இல்லை.

"வாங்க, வாங்க" என்றாள் சலோமி. "உங்களாலதான் எல்லாருக்கும் குடுத்து வச்சுது."

"சலோமி, நான் கேம் ஆடத்தான்..."

"ஆடுங்க. யாரு வேணாம்னா? இது முடியட்டும்."

இது முடிந்தது. மதியம் ஏதோ ஒரு பாஷையில் ஒரு படம். அதில் ஒரு கிழவர் ஒரு கிணற்றையே பார்த்துக்கொண்டிருந்தார். சலோமி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். சாயங்காலம் தமிழ்ப் படம். ஜன்னல் கம்பியிலெல்லாம் ஆள். படம் முடிந்ததும் பாய்ந்து போய் ஒயரைக் கையில் எடுத்தேன்.

"அண்ணே, ஞாயிறு முடிஞ்சு போச்சே" என்றாள் அந்தோணிமேரி. "சனிக்கிழமை சாயங்காலப் பூசையே ஞாயிறு பூசைக்குக் கணக்கு. அப்ப ஞாயித்துக்கிழமை சாயங்காலத்தோட ஞாயிறு சரி."

"அப்ப நீங்க பார்த்த படம்?"

"ஆரம்பிக்கிறப்போ வெளிச்சம் இருந்துச்சேண்ணே!"

ஊதாத் துணி மறுபடியும் இறங்கியது. அப்போதுதான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். படம் வருவதே ஞாயிற்றுக்கிழமைதான். சலோமி ஒறுத்தது வெள்ளிக்கிழமைப் பாட்டும் உரமும். நான் ஒறுத்தது ஏழு நாளும். அதுவும் சாமியாரைக் கொண்டு பிரசங்கம் வைத்து!

ஒவ்வொரு ஞாயிறும் இதே கதை. குருத்தோலை ஞாயிறும் போனது. இடையில் ஒரு நாள் சலோமியின் கட்டை விரல் காய்த்துப் போயிருந்ததைப் பார்த்து, "என்ன இது?" என்றேன். "கத்தரிக்கோல் புடிச்சதுங்க" என்றாள். பாவம், கோவில் துணிக்காக எவ்வளவு உழைக்கிறாள் என்று எனக்கு நெஞ்சு இளகிவிட்டது. தைலம் தேய்த்துவிட்டேன்.

ஈஸ்டர் அன்று தபசு முடிந்தது. ஆனால் தரங்கம்பாடியிலிருந்து மாமனார் வீட்டு ஜனம் மொத்தமும் வந்து டி.வி. முன்னால் உட்கார்ந்தது. நான் கேசட்டை மடியில் வைத்துக்கொண்டு, படகு போட்ட அட்டையையே பார்த்துக்கொண்டிருந்தேன். மாமனார் கூட்டம் பஸ் ஏறிய கையோடு ஒயரைச் சொருகினேன். திரையில் ஆறு வந்தது. படகு வந்தது. முதல் பாலமும் வந்தது. கூடவே ஜெய்னுலாபுதீனும் வந்தான்.

"தம்பி வந்திட்டான்ப்பா. உடனே கேக்கிறான்."

மெஷினைக் கழற்றிக் கொடுத்தபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. வெட்கப்படாமல் சொல்கிறேன், வந்துவிட்டது.

"சரி, படகு கேம் எப்படி இருந்துச்சு? உன் அபிப்பிராயத்தைச் சொல்லு."

வாழ்க்கையில் முதல் முறையாக என்னிடம் அபிப்பிராயம் இல்லை.

"பரவாயில்லை அண்ணே" என்று குரல் வந்தது. ஜெய்னுலாபுதீனின் மனைவி ஆஸியா பீவிக்குக் கொடுத்தனுப்ப அச்சு முறுக்குப் பொட்டலத்தோடு சலோமி நின்றாள். "முதலை வர்ற வரைக்கும் சும்மா பிள்ளை விளையாட்டு. பச்சைத் தண்ணியில சுழல் ரெண்டு சேர்ந்து வருது பாருங்க, அங்கேதான் மேரி ஏழெட்டுத் தடவை செத்தா. வலது பக்கமா ஒட்டிப் போனா தாண்டிடலாம். முடிவுதான் நல்லா செஞ்சிருக்கான்."

நான் அவள் பக்கம் திரும்பினேன். "நீ எப்ப ஆடினே?"

"நீங்க ஆபீஸ் போனதும். நானும் மேரியும்."

"தபசு காலத்துலயா?"

"நான் ஒறுத்தது படத்தையும் பாட்டையும். கேமை ஒறுத்தது நீங்கதானே?"

ஜெய்னுலாபுதீன் சிரிப்பை அடக்க முடியாமல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு நழுவினான். எனக்குக் கோபப்படக்கூட நேரமில்லை. மானத்தை விட்டுக் கேட்டேன்.

"சலோமி, அதை விடு. கடைசிப் பாலத்துக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கு? அதை மட்டும் சொல்லிடு."

வெளியே சைக்கிள் கேரியரில் பெட்டியைக் கட்டும் சத்தம் கேட்டது. சலோமி என்னைக் கனிவோடு பார்த்தாள்.

"இப்பவே சொல்லிட்டா, நீங்க ஆடுறப்போ சுவாரசியம் போயிடுங்க."