உட்காராத மாப்பிள்ளை

வடபொன்பரப்பிச் சம்பந்தம் கைவிட்டுப் போனதற்குக் காரணம் தங்கதுரையின் இடது குதிகால்தான்.

பெண்ணைப் பார்த்து, பஜ்ஜி தின்று, காபி குடிக்கிற வரைக்கும் எல்லாம் நல்லபடியாகத்தான் இருந்தது. கிளம்பலாம் என்று பாயை விட்டு எழுந்தான் பாருங்கள், அங்கே பிடித்தது வினை. குதிகாலில் ஆணி அடித்தது போல ஒரு வலி. "யம்மாடி!" என்று அலறிக்கொண்டு நாலு எட்டு நொண்டினான். வாசலுக்குப் போவதற்குள் வலி விட்டுவிட்டது. பெண் வீட்டாரும் விட்டுவிட்டார்கள்.

"கவர்மெண்ட் பஸ் கண்டக்டருன்னு சொன்னாங்க, கால் இழுக்கும்னு சொல்லலியே" என்றாராம் பெண்ணின் மாமன். அந்தப் பேச்சு தங்கதுரைக்கு முன்பே கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுக்கு வந்து சேர்ந்துவிட்டது. அதற்கப்புறம் பார்த்த இடங்களிலும் இதே கதைதான்.

தங்கதுரை கரியாலூர் பஸ்ஸில் கண்டக்டர். மலை வளைவுகளில் பஸ் ஆடுகிற ஆட்டத்தில் நாள் பூரா நின்றபடி டிக்கெட் கொடுப்பவனுக்குக் குதிகால் வலிக்காமல் காதா வலிக்கும்? ஆனால் நம் ஊரில் ஒருவனுக்கு வலி என்றால் அது அவன் சொந்த விஷயமா என்ன? பஸ்ஸே வைத்தியம் பார்த்தது.

"எருக்க எலையை சுட்ட செங்கல்லு மேல வெச்சி, அதுமேல குதிகாலை அமுக்குங்க கண்டக்டரே" என்றாள் கூடைக்காரி ஒருத்தி. அமுக்கினான். வலி போகவில்லை, கொப்புளம்தான் வந்தது.

"இது வாயுங்க. கெழங்கை நிறுத்துங்க" என்றது ஜன்னலோர சீட்டு.

"எலும்பு வளந்துக்கினு இருக்கு. உட்டா முழங்கால் வரைக்கும் வந்துடும்" என்றார் வெள்ளைச் சட்டைக்காரர். அவர் சங்கராபுரத்தில் உரக்கடை வைத்திருப்பவர்.

கடைசியில் கள்ளக்குறிச்சியில் ஓர் எலும்பு டாக்டரிடம் போனான். வரிசையில் நின்று உள்ளே போவதற்குள் பாழாய்ப்போன வலி காணாமல் போயிருந்தது.

"எங்க வலிக்குது?"

"இப்ப வலிக்கலீங்க."

"அப்ப எதுக்கு வந்த?"

"காலைல வலிச்சுதுங்க."

டாக்டர் குதிகாலின் உள்பக்கத்தில் கட்டைவிரலால் ஓர் அழுத்து அழுத்தினார். தங்கதுரை மேஜை மேல் ஏறாத குறைதான்.

"ம், அதேதான். குதிகால்லேருந்து விரலு வரைக்கும் உள்ளங்கால்ல ஒரு பட்டை நாரு போவுது. நின்னு நின்னு அது புண்ணாயிருக்கு. நீ உக்காந்தாலும் படுத்தாலும் சுருங்கிடும். எழுந்து மொத அடி வெச்சா வெடுக்குன்னு இழுபடும். கொஞ்சம் நடந்தா எளகிடும்."

"மருந்துங்க?"

"மருந்து கம்மி, பழக்கம்தான் ஜாஸ்தி. செவுத்துல ரெண்டு கையும் ஊனி, வலிக்கிற காலைப் பின்னால நீட்டி, குதிகால் தரையை உட்டு எழும்பாம செவுத்தைத் தள்ளு. தண்ணி பாட்டிலை ஐஸாக்கி உள்ளங்கால்ல உருட்டு. வூட்டுக்குள்ளகூட வெறுங்காலோட நடக்காத, மெத்துன்னு எம்.சி.ஆர். செருப்பு போடு. ரொம்ப நேரம் நிக்காத. மாசக்கணக்காவும், ஆனா சரியாயிடும்."

இத்தனையும் கேட்ட தங்கதுரையின் மண்டையில் ஏறியது ஒன்றே ஒன்றுதான். உட்கார்ந்தால்தானே எழுந்திருக்க வேண்டும்? உட்காராமலே இருந்துவிட்டால்?

இந்த நேரம் பார்த்துத்தான் தரகர் கொளஞ்சியப்பன் திருக்கோவிலூர்ப் பக்கம் ஓர் இடம் கொண்டுவந்தார்.

"பொண்ணு பேரு ஆண்டாள். டெய்லர் கடை வெச்சிக்கினு இருக்குது. தங்கமான குடும்பம். நீ ஒண்ணும் பந்தா பண்ணாத. எப்பவும்போல இரு, அது போதும்."

"இதுவும் தட்டிப்போச்சின்னா ஆயுசுக்கும் டிக்கெட்டுதான்டா கிழிச்சிக்கினு இருப்ப" என்று அம்மா சாலம்மாள் தன் பங்குக்கு வாழ்த்தினாள்.

அம்மாவோடும் தரகரோடும் கிளம்பிய பஸ்ஸில் பாதி சீட் காலி. தங்கதுரை திருக்கோவிலூர் வரைக்கும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். அந்த பஸ் கண்டக்டருக்கு இவன் செக்கிங் ஆளோ என்று சந்தேகமே வந்துவிட்டது.

பெண் வீட்டு வாசலில் மெத்துச் செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு மொசைக் தரையில் ஏறினான். பெண்ணின் அப்பா தெய்வசிகாமணி நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"உக்காருங்க தம்பி."

"இருக்கட்டும்ங்க. நின்னே பழக்கமாயிடுச்சிங்க."

"அட, சும்மா உக்காருங்க."

"பெரியவங்க முன்னாடி எப்பிடிங்க உக்கார்றது?"

அதைச் சொன்னபோதுதான் கவனித்தான். தெய்வசிகாமணி அவன் முகத்தைப் பார்க்கவில்லை, காலைப் பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் நின்ற பெண்ணின் அத்தை காசியம்மாளும் காலைத்தான் பார்த்தாள். போச்சுடா, சங்கதி இங்கேயும் வந்துவிட்டது!

"அப்பிடியே தோட்டம் வரைக்கும் நடந்துட்டு வரலாமா தம்பி?" என்றார் தெய்வசிகாமணி.

ஓகோ, சோதனையா? தங்கதுரை நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சுதந்திர தின அணிவகுப்பு மாதிரி நடந்தான். கிணற்றைச் சுற்றினான், வரப்பைத் தாண்டினான். திரும்பி வந்தபோது தெய்வசிகாமணியின் முகம் வாடியிருந்தது. இன்னும் நம்பிக்கை வரவில்லை போலிருக்கிறது.

"மாடியில நெல்லு காயுது..." என்று அவர் இழுத்தார்.

சொல்லி முடிப்பதற்குள் தங்கதுரை இரண்டிரண்டு படியாகத் தாவி மேலே போய்விட்டான். கீழே காசியம்மாள் அண்ணனைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள்.

கொளஞ்சியப்பன் அவன் கையைப் பிடித்து ஓரமாக இழுத்தார். "யோவ், இன்னாய்யா பண்ற? ஒழுங்கா உக்காருய்யா!"

"சும்மா இருங்க தரகரே. எனக்குத் தெரியும்."

நேரம் ஆக ஆக, நின்ற பாவத்துக்குக் குதிகால் கொதிக்க ஆரம்பித்தது. டாக்டர் சொன்னது ஞாபகம் வந்தது. யாரும் பார்க்காத நேரமாக நடைவழிக்குப் போய், இரண்டு கையையும் ஊன்றி, ஒரு காலைப் பின்னால் நீட்டிச் சுவரைத் தள்ளினான். தள்ளிக்கொண்டே திரும்பினால், மொத்தக் குடும்பமும் பின்னால் நிற்கிறது.

"இன்னா பண்றாரு?" என்றாள் காசியம்மாள்.

"அவன் சின்ன வயசுலேருந்தே இப்பிடித்தாங்க. செவுத்தைக் கண்டா தள்ளுவான்" என்றாள் சாலம்மாள் பதறிப்போய்.

"செவுரு நல்லா ஸ்ட்ராங்கா கட்டியிருக்கீங்க மாமா!" என்றான் தங்கதுரை.

கதவோரம் களுக்கென்று ஒரு சிரிப்பு. காபித் தட்டோடு ஆண்டாள். அந்தச் சிரிப்பில் ஆள் கவிழ்ந்தே போனான். கட்டினால் இவளைத்தான் கட்ட வேண்டும், இல்லாவிட்டால் இந்த ஜென்மத்தில் கல்யாணமே வேண்டாம் என்று அங்கேயே முடிவு செய்துவிட்டான். அவளும் தலையைக் குனிந்துகொள்ளவில்லை. நேராகத்தான் பார்த்தாள்.

அந்த நேரம் கொல்லையில் கன்றுக்குட்டி ஒன்று அவிழ்த்துக்கொண்டு ஓடியது. விடுவானா? வேட்டியை மடித்துக் கட்டிப் பாய்ந்தான். வைக்கோல் போரைச் சுற்றி, வேலியைத் தாண்டி, ஏரிக்கரை வரைக்கும் விரட்டிப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தான். ஆண்டாளின் கண் அகல விரிந்தது. மற்றவர்கள் இழவு வீட்டில் நிற்பவர்கள் மாதிரி நின்றார்கள்.

தெய்வசிகாமணி தொண்டையைச் செருமினார். "தம்பி, தப்பா நெனைக்காதீங்க. கால்ல... ஒண்ணும் கொறை இல்லீங்களே?"

"கொறையா?" தங்கதுரை இடது காலைத் தூக்கி மொசைக் தரையில் ஓங்கி ஒரு மிதி மிதித்தான். உயிர் உச்சந்தலைக்குப் போய்த் திரும்பி வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தான். "இரும்புங்க மாமா, இரும்பு! எவன் இன்னா சொன்னாலும் நம்பாதீங்க."

தெய்வசிகாமணி பெருமூச்சு விட்டார். "பொண்ணுக்கு இப்ப கல்யாணம் பண்ற உத்தேசம் இல்லீங்க. மன்னிச்சிக்குங்க."

உள்ளே ஆண்டாளின் கையிலிருந்த தட்டு டங்கென்று கீழே விழுந்தது. கொளஞ்சியப்பன் தலையில் அடித்துக்கொண்டு, யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் கிளம்பிப் போய்விட்டார்.

பஸ் நிறுத்தத்துச் சிமெண்டுத் திட்டில் தங்கதுரை பொத்தென்று உட்கார்ந்தான். இனி உட்கார்ந்தால் என்ன, நின்றால் என்ன? நொண்டிய இடத்திலும் விரட்டினார்கள், மான் மாதிரி ஓடிய இடத்திலும் விரட்டிவிட்டார்கள். ஒரு மனுஷன் எப்படித்தான் நடப்பது? அம்மா அவன் முதுகைத் தடவிக்கொண்டே தெய்வசிகாமணியின் வம்சத்தையே திட்டித் தீர்த்தாள். தன் ஊருக்குப் போவதற்காக அதே நிறுத்தத்துக்கு வந்த காசியம்மாள், காதில் விழாதது போலத் தள்ளி நின்றாள்.

வெகுநேரம் கழித்து பஸ் வந்தது. தங்கதுரை எழுந்து முதல் அடி வைத்தான்.

"யம்மாடி!"

இதுவரை வந்த வலியெல்லாம் ஒத்திகை என்று ஆகிவிட்டது. குதிகாலை ஊன்ற முடியாமல், இடுப்பு ஒரு பக்கம் சாய, அம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டு நொண்டி நொண்டி பஸ் படிக்கட்டுக்குப் போனான்.

அதைப் பார்த்த காசியம்மாள் கையிலிருந்த பையைக் கீழே போட்டுவிட்டு ஓடிவந்து அவன் சட்டையைப் பிடித்தாள்.

"அடப்பாவி, இந்த நடையை எங்க வூட்டுல ஒருவாட்டி நடந்திருக்கக் கூடாதா? கால்ல பழுது இருக்கிற மாப்பிள்ளைதான் பொண்ணுக்கு நெலைக்கும்னு ஜோசியரு சொல்லி, நீ நொண்டுறேன்னு கேள்விப்பட்டுத்தானேப்பா ஒன்னைய வரச் சொன்னோம்!"