நூற்றெட்டுக் கம்ப்யூட்டர் சாமி

"இந்தக் கம்பி எங்க போகுதுங்க?"

கேட்டவள் கலைமதி, வயது ஏழு. பதிலாக அவள் உச்சந்தலையில் ஒரு குட்டு விழுந்தது. குட்டியவள் பக்கத்து வீட்டு ராமாத்தாள்.

"சாமிகிட்டக் கேள்வியா புள்ள? வாய மூடு!"

தேயிலை விலை அதலபாதாளத்தில் கிடந்த வருடம் அது. இலையை விற்றால் பறித்த கூலிக்குக்கூடக் கட்டவில்லை. அந்த நேரம் பார்த்துத் தேவர்சோலைக்கு வந்து இறங்கினார் இணையானந்தர். காவி வேட்டி, உருத்திராட்சம், மேசைமேல் ஒரு கம்ப்யூட்டர், அதிலிருந்து திரைச்சீலைக்குப் பின்னால் ஓடும் ஒரு கம்பி.

"ஒரு ஜோசியர் சொன்னால் தப்பலாம். காசி முதல் ராமேஸ்வரம் வரை நூற்றெட்டுக் கம்ப்யூட்டர்கள் ஆளுக்கொரு பங்கு கணக்குப் போட்டு, இந்தக் கம்பி வழியாகக் கலந்து பேசிச் சொன்னால் தப்புமா?"

தப்பாதாம். நூற்றெட்டும் மண்டையை உடைத்துக்கொண்டு எல்லோருக்கும் சொன்னது ஒரே பதில்: தோட்டத்தில் சனி, மந்திரம் ஏற்றிய சி.டி.யை வாங்கிச் செடியில் கட்டு. மலைச்சரிவெல்லாம் சி.டி. மின்னியது. குருவிகள் முகம் பார்த்தன. விலை மட்டும் எழுந்திருக்கவில்லை.

ராமாத்தாள் கறவை மாட்டை விற்று சி.டி. வாங்க நின்றாள். அந்தப் பாலில்தான் அவள் வீட்டு அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. மாட்டு வியாபாரி கயிறோடு சாமி குறி சொல்லும் வீட்டின் பின்வாசலில் காத்திருந்தான்.

அப்போது, கலைமதி கேட்டதைக் காதில் வாங்கியபடி முழங்கால்வரை சேறோடு வந்தார் டெலிபோன் லைன்மேன் இசக்கிமுத்து.

"சாமி, மண்சரிவுல கேபிள் அறுந்து மூணு நாளாச்சு. நான் இன்னும் ஒட்டவே இல்ல. உங்க நூத்தெட்டும் எப்படிப் பேசுது?"

கூட்டம் விழித்தது. மூன்று நாளாகச் செத்த போனைத் தட்டித் தட்டிப் பார்த்த கூட்டம்தான்!

"இது தெய்வ லைன்," என்றார் சாமி.

"கம்ப்யூட்டருங்க கூடி வேலை செய்யறது நெசந்தான். ஆனா பேச வழி வேணுமே. இந்தப் புள்ள கேட்டதையே பார்த்துருவோம்."

கம்பியை இழுத்தார். திரைச்சீலைக்குப் பின்னாலிருந்து சுலபமாக வந்தது. கூடவே, அதன் நுனியில் கட்டியிருந்த உடைந்த நாற்காலியும் வந்தது. கம்ப்யூட்டர் கொஞ்சமும் கலங்காமல் திரையில் காட்டியது: ‘காசி இணைந்தது... ராமேஸ்வரம் இணைந்தது...’

"ஏனுங் சாமி, நாற்காலி வழியாவுங்களா?" என்றார் டீக்கடை ஒச்சப்பன்.

சாமி பின்வாசலுக்கு ஓடினார். அங்கே வழியை மறித்தபடி கயிறோடு வியாபாரி! யாரும் அவர்மேல் கை வைக்கவில்லை. பறித்த காசையெல்லாம் திருப்பி வாங்கிக்கொண்டு, ஒரு டீயும் கொடுத்து பஸ் ஏற்றினார்கள்.

ஆளுக்கொரு மூளையைக் கடவுள் லைன் இல்லாமலே கொடுத்திருக்கிறார். கேட்கிற தலையில் குட்டுகிற ஊரில்தான் சாமிகள் கடை விரிக்கிறார்கள்.

மறுநாள் ஊரே இலை பறிக்கப் போயிருந்த நேரம். ராமாத்தாள் அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, கலைமதி வீட்டு ஜன்னலில் ஒரு தூக்குப் பாலை வைத்தாள். தலையில் குட்டிய கையாலேயே மூடியை அழுத்திவிட்டு, திரும்பிப் பார்க்காமல் நடந்தாள்.