குருவிமேட்டின் தாய்மொழி

தேச நலனை முன்னிட்டு, ஆந்திரத்துக்கும் மெட்ராசுக்கும் நடுவே எல்லையை மாற்றி, அதற்கேற்பப் பாராளுமன்றத் தொகுதிகளையும் திருத்த ஒரு சட்டம் வந்தது. சட்டம் வந்தால் அதிகாரி வருவார். சத்தியவேட்டுப் பக்கம் இருந்த குருவிமேட்டுக்கும் வந்தார். அந்த ஊரில் முந்நூற்றுப் பன்னிரண்டு பேர் இருந்தார்கள். குடிக்கக் கிணறு இல்லை. பெண்கள் இரண்டு மைல் நடந்து தண்ணீர் எடுத்தார்கள். எந்தத் தொகுதி என்று தெரிந்தால் அதன் மெம்பரிடம் கிணறு கேட்கலாம் என்று ஊரே காத்திருந்தது.

சித்தூரிலிருந்து வந்தவர், உங்கள் தாய்மொழி என்ன என்று தெலுங்கில் கேட்டார். ஊர் தெலுங்கில் பதில் சொன்னது. தெலுங்கர் முந்நூற்றுப் பன்னிரண்டு என்று எழுதிக்கொண்டார். அடுத்த வாரம் மெட்ராசிலிருந்து வந்தவர் தமிழில் கேட்டார். தமிழர் முந்நூற்றுப் பன்னிரண்டு.

இரண்டு ஆபீசும் கணக்கைப் பரிமாறிக்கொண்டன. கிணறு இல்லாத ஊர் என்ற குறிப்பும் அதில் இருந்தது. உடனே, எல்லைத் தகராறில் அதுவரை யாரும் கண்டிராத பெருந்தன்மையோடு, ஊரை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று ஒருவருக்கொருவர் எழுதி, இருவரும் தங்கள் பட்டியலிலிருந்து அடித்துவிட்டார்கள்.

ஊர் முன்சீப் கன்னையாவைத் தாசில்தார் கூப்பிட்டு விசாரித்தார்.

"தெலுங்குல கேக்குற பெரிய மனுசனுக்குத் தமிழ்ல பதில் சொன்னா மரியாதையா இருக்குமாங்க?"

"வீட்டில் என்ன பேசுவீர்?"

"யாரு வராங்களோ அவங்க பாஷைதாங்க."

எனவே நடுநிலையான மூன்றாவது அதிகாரி ஒருவர் அனுப்பப்பட்டார். அவர் எந்த மொழியிலும் வாய் திறக்கக் கூடாது என்பது உத்தரவு. அவர் கையால் ஜாடை காட்டிக் கேட்டார். வந்தவர் மனம் நோகக் கூடாதே என்று ஊரும் ஜாடையிலேயே பதில் சொன்னது. "பேச்சில்லாதவர் முந்நூற்றுப் பன்னிரண்டு" என்று அறிக்கை போயிற்று. மொழிச் சிக்கல் தீர்ந்தது. தலைக்கணக்கில் சரியாக அத்தனை பேர் குறைந்த ஒரு தொகுதியில் ஊரைச் சேர்த்தார்கள்.

தேர்தலில் ஜெயித்த மெம்பர் ஊருக்கு வந்தார். கன்னையாவின் மனைவி கங்கம்மாள் குடத்தோடு முன்னால் வந்து நின்றாள்.

"அய்யா, ரெண்டு மைல் நடந்து தண்ணி தூக்கிக்கினு வரோம். போன மாசம் என் மருமக வழியிலேயே வுழுந்து, வயித்துப் புள்ள போயிடுச்சி. ஒரு கெணறு வெட்டிக் குடுங்க."

மெம்பர் ரொம்ப வருத்தப்பட்டார். "அம்மா, ரிக்கார்டுபடி உங்க ஊருக்குப் பேச்சு கிடையாது. நீ சொன்னது என் காதுல விழுந்துதுன்னா ரிக்கார்டு தப்பு. ரிக்கார்டு தப்புன்னா தொகுதி தப்பு. தொகுதி தப்புன்னா நான் எப்படி மெம்பர்?"

கங்கம்மாள் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு தண்ணீருக்கு நடந்தாள். ஆனால் மெம்பரே நேரில் வந்தாரே என்று மற்றவர்களுக்குச் சந்தோஷம். அடுத்த தேர்தலில் ஊர் ஓட்டு முழுக்க அவருக்கே விழுந்தது.

இவர்களைச் சொல்லிச் சிரிக்க எனக்கென்ன யோக்கியதை? போன வாரம் எங்கள் தெருவுக்கு எங்கள் மெம்பர் வந்தார். குழாயில் தண்ணீர் வந்து பத்து நாள் ஆகிறது. எனக்கு மூன்று பாஷை சரளமாக வரும். மாலையைப் போட்டேன், கும்பிட்டேன், வீட்டுக்கு வந்துவிட்டேன்.