உரிமையாளர் கையெழுத்து

புதுமடம்,
செவ்வாய், லுஹர் தொழுகைக்குப் பின்.

மரியாதைக்குரிய மச்சான் ஹாஜா முகைதீன் அவர்களுக்கு, மைத்துனன் காஜா நவாஸ் எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே உங்கள் மனைவியும் என் கூடப்பிறந்த லாத்தாவுமான சித்தி ஜுனைதா, உங்கள் மகள் ஜஸீலா, நான், கிணற்று மோட்டார் எல்லோரும் அல்லாஹ் கிருபையால் நலம். ஷார்ஜாவில் நீங்களும், முக்கியமாக உங்கள் இரத்த அழுத்தமும் சீராக இருக்க துஆ செய்கிறேன். வண்டியும் நலம். அதைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன்.

இந்தக் காலத்தில் கடிதமா என்பீர்கள். போனில் சொன்னால் மூன்றாவது வார்த்தையிலேயே கத்த ஆரம்பித்துவிடுவீர்கள். கடிதம் என்றால் நீங்கள் கத்துவது எனக்குக் கேட்காது. எதிர்வீட்டு மாப்பிள்ளை இன்று அஸர் தொழுகைக்குப் பிறகு மதுரை ஏர்போர்ட்டுக்குக் கிளம்புகிறார். அவரிடம் நெத்திலிக் கருவாட்டோடு இதையும் கொடுத்துவிடுகிறேன். கூடவே இங்கிலீஷில் நாலு பக்கப் படிவம் ஒன்று இருக்கிறது. கடைசிப் பக்கத்தில் ‘வண்டி உரிமையாளர்’ என்ற இடத்தில் பென்சிலால் பெருக்கல் குறி போட்டிருக்கும். அங்கே ஒரு கையெழுத்துப் போட்டுப் படம் எடுத்து அனுப்புங்கள். மாதக் கடைசிக்குள் வராவிட்டால் ஜஸீலாவின் இடம் வேறு ஆளுக்குப் போய்விடும். எதற்கு என்பதைத் தயவுசெய்து உட்கார்ந்துகொண்டு படியுங்கள்.

கோயம்புத்தூர்ப் பக்கம் கார் ஓட்டுவதற்கென்றே ஒரு வளையப் பாதை இருக்கிறதாம். அடுத்த மாதம் இரண்டாம் ஞாயிறு அங்கே டிராக் டே. அதில் நம் வண்டியை ஓட்ட ஜஸீலா பெயர் கொடுத்திருக்கிறாள். பந்தயம் கிடையாது, பரிசு கிடையாது. அவரவர் வண்டியை அவரவர் கொண்டுபோய், அது எவ்வளவு வேகம் தாங்கும் என்று ஓட்டிப் பார்ப்பதுதான் வேலை. எதிரே வண்டி வராது, ஆடு குறுக்கே ஓடாது, வேகத்தடை கிடையாது. அப்புறம் பயப்பட என்ன இருக்கிறது என்று கேட்டேன். “வளைவு இருக்கு மாமா” என்றாள். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. வேண்டாம் என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். அவள் ஒன்றுதான் சொன்னாள். “மூணு வருசமா பிரேக் செய்ற கம்பெனியில வேல பாக்குறேன். ஒருதடவகூட ஒரு பிரேக்க முழுசா மிதிச்சுப் பாத்ததில்ல மாமா.” அதற்கு ஒரு பதில் உங்களிடம் இருந்தால் எழுதுங்கள்.

இப்போது ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன். வெள்ளிக்கிழமைதோறும் வண்டியை நின்ற இடத்திலேயே பத்து நிமிடம் ஓடவிட்டு, அணைத்து, கிலோமீட்டர் காட்டும் மீட்டரைப் படம் பிடித்து உங்களுக்கு அனுப்புவது ஆறு வருடமாக என் பொறுப்பு. கடந்த ஐந்து வாரமாக நான் அனுப்பியது ஒரே பழைய படம். மீட்டர் ஏறிக்கொண்டே போனதுதான் காரணம். ஜஸீலா லீவில் வந்து பழகியதால் ஏறியது ஒரு பக்கம். அவள் கோயம்புத்தூரில் வேலையில் இருக்கிற வாரங்களிலும் அறுபது, எழுபது என்று ஏறுகிறது. கொட்டகைப் பூட்டு பூட்டினபடியே இருக்கிறது. உப்புக்காற்றில் மீட்டர் கெட்டிருக்குமோ என்று லாத்தாவிடம் கேட்டதற்கு, ஆமாம், இந்த ஊர்க் காற்று ரொம்பப் பொல்லாதது என்றார்.

வண்டிக்குள் ஒரு சாமானும் இருக்கக்கூடாது என்பது டிராக்கில் முதல் விதி. வேகத்தில் எது வேண்டுமானாலும் பறந்துவந்து மண்டையில் அடிக்குமாம். எடுக்க எடுக்க வந்தது. இரண்டு குடை, ஜம்ஜம் தண்ணீர் கேன், தொழுகை விரிப்பு, யாருடையதோ ஒற்றைச் செருப்பு, கடைசியாக சீட்டுக்கு அடியில் நீங்கள் போன தடவை ஏர்போர்ட் போகும்போது காணாமல் போன மாசிக் கருவாட்டுப் பொட்டலம். அந்த நாற்றத்துக்கு ஏ.சி. மெக்கானிக்கை நீங்கள் ஷார்ஜாவிலிருந்து வீடியோ காலில் திட்டினீர்களே, அவரைப் பார்த்தால் நான் இப்போது எதிர்ச்சாரிக்கு மாறிவிடுகிறேன். கண்ணாடியில் தொங்கிய ஆயத்துல் குர்ஸி அட்டையை யார் கழற்றுவது என்று நானும் ஜஸீலாவும் பார்த்துக்கொண்டு நின்றபோது, லாத்தாதான் பிஸ்மில்லாஹ் சொல்லிக் கழற்றிக் கண்ணில் ஒற்றி உள்ளே கொண்டுபோய் மாட்டினார். திரும்பி வரும்போது கையில் மீன் நறுக்கும் கத்தி இருந்தது. மச்சான், மனதைத் திடப்படுத்திக்கொள்ளுங்கள். ஷோரூமிலிருந்து வந்த நாள் முதல் ஒருவரையும் தொடவிடாமல் நீங்கள் காத்துவந்த சீட்டுப் பாலித்தீன் இப்போது இல்லை. அது இருந்தால் வளைவில் வழுக்கும் என்று ஜஸீலா சொல்லி வாய் மூடவில்லை, லாத்தா கிழித்துவிட்டார். உள்ளே சீட்டு சாம்பல் நிறம். எனக்கு அன்றுதான் தெரியும்.

பிறகு உச்சிப்புளியில் பூமிநாதன் பட்டறை. அவர் பிரேக் ஆயிலை எடுத்துக் காட்டினார், கடுங்காப்பி மாதிரி இருந்தது. கடற்காற்றின் ஈரத்தை ஆயில் குடித்துவிடுமாம், சூடேறினால் கொதித்துப் பிரேக்கே பிடிக்காதாம். ஓடித் தேய்ந்த வண்டியைப் பார்த்திருக்கிறேன், நின்றே கெட்ட வண்டியை இப்போதுதான் பார்க்கிறேன் என்றார். ஆயில், பிரேக் கட்டை, நாலு டயர் எல்லாம் புதுசு. வழியில் நின்றுபோனால் கட்டி இழுக்க ஒரு இரும்புக் கொக்கி டிராக்கில் கட்டாயம் வேண்டும் என்றார்கள். வண்டியோடு வந்த கொக்கியை மூன்று நாள் தேடினோம். கொட்டகைக் கதவுக்குக் கொண்டியாக நானே போட்டு வைத்திருந்தேன்.

ஹெல்மெட் இரண்டு வாங்கினாள். ஒன்று எனக்காக்கும் என்று எடுத்துப் போட்டால் காதுக்கு மேலே நின்றுவிட்டது. அது ஸ்பேர் மாமா என்று வாங்கி வைத்துவிட்டாள். நான் என் பைக் ஹெல்மெட்டையே மாட்டிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தேன். காருக்குள் ஹெல்மெட்டோடு போவதைப் பார்த்த ஜமாஅத் செயலாளர் என்ன விஷயம் என்று கேட்க, கழுத்து வலி, டாக்டர் போடச் சொன்னார் என்று வாய்க்கு வந்ததைச் சொன்னேன். வெள்ளிக்கிழமை ஜும்ஆவில் என் கழுத்துக்காக ஊரே துஆ செய்தது. நானும் ஆமீன் சொன்னேன்.

காய்ந்து கிடக்கும் கண்மாய்ப் பொட்டலில்தான் பழக்கம். லாத்தா காற்று வாங்கப் பின்சீட்டில் வருவார். எண்பதில் போய்ப் பிரேக்கை ஒரே மிதி. கால் அதிர்ந்தாலும் எடுக்கக்கூடாதாம். வண்டி நின்றது, என் உயிர் இன்னும் கொஞ்ச தூரம் போய்த்தான் நின்றது. நான் கலிமா சொல்லிக்கொண்டிருக்கும்போது பின்னாலிருந்து லாத்தா, இன்னும் கொஞ்சம் தாமதித்து மிதித்திருக்கலாம் என்றார். பயத்தில் என்னவோ பேசுகிறார் என்று விட்டுவிட்டேன்.

எனக்குப் பயமாக இருக்கிறது மச்சான். அங்கே ஏதாவது ஆனால் இன்சூரன்ஸ்காரன் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டான். வாங்கின வருடம் கதவில் தென்னை மட்டை உரசிய கீறலுக்கு நீங்கள் என்னோடு ஒன்றரை வருடம் பேசவில்லை. அந்த ஒன்றரை வருடம் பெருநாளன்றுகூட உங்கள் குரல் கேட்காமல் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். ஆனாலும் கேட்கிறேன். போன வாரம் கோயம்புத்தூர் கிளம்பும்போது, ஓனரிடம் கையெழுத்து வாங்கி வையுங்கள் மாமா என்று என் கையில் படிவத்தைக் கொடுத்துவிட்டுப் போனாள். உங்களிடம் கேட்கிற தைரியம் அவளுக்கே இல்லை என்று புரிந்துகொண்டேன். அவளுக்காக நான் கேட்கிறேன். கோபம் முழுவதையும் என் கணக்கில் வைத்துக்கொண்டு, கையெழுத்தை மட்டும் அவளுக்குக் கொடுங்கள்.

அறையில் இருக்கும் நம்மூர் ஆட்களுக்கெல்லாம் என் ஸலாம். கருவாட்டைக் கொஞ்சம் அவர்களுக்கும் கொடுங்கள். அல்லாஹ் உங்களுக்கு நீண்ட ஆயுளையும், இந்தக் கடிதத்தைப் படிக்கிற வரைக்குமாவது நிறைந்த பொறுமையையும் தருவானாக.

இப்படிக்கு,
கைகட்டி நிற்கும் மைத்துனன்,
காஜா நவாஸ்.

பி.கு.: மேலே என் கையெழுத்தைப் போட்டுக் கடிதத்தை முடித்த பிறகு, படிவத்தில் வண்டி நம்பரை நிரப்ப லாத்தாவிடம் ஆர்.சி. புத்தகம் கேட்டேன். எதற்கு என்றார். மச்சான் கையெழுத்துக்கு என்றேன். கருவாட்டுக் கையைக் கழுவிவிட்டு வந்து புத்தகத்தை விரித்துக் காட்டினார். வாங்கும்போது நீங்கள் அங்கே இருந்ததால் வண்டியை லாத்தா பெயரில்தான் பதிவு செய்திருக்கிறோம். ஆறு வருடத்தில் நீங்களும் மறந்துவிட்டீர்கள், நானும் மறந்துவிட்டேன். ஓனர் என்று சொல்லி ஜஸீலா என்னை அடுப்படிக்குத்தான் போகச் சொல்லியிருக்கிறாள், நான் ஷார்ஜாவுக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன். லாத்தா நின்ற இடத்திலேயே கையெழுத்துப் போட்டுவிட்டார். ஆகவே படிவம் இதில் இல்லை, தேட வேண்டாம்.

அப்போதுதான் முதல் பக்கத்தைப் பார்த்தேன். ஓட்டுபவர்கள் என்ற இடத்தில் இரண்டு பெயர். இரண்டாவதுதான் ஜஸீலா. முதல் பெயர் சித்தி ஜுனைதா, வயது நாற்பத்தெட்டு. போன வருடமே லைசென்ஸ் எடுத்துவிட்டாராம். இந்த ஐந்தாறு வாரமாகப் புதன்கிழமைதோறும் தானே ஓட்டி ராமநாதபுரம் போய்வருகிறாராம். கொட்டகையின் இன்னொரு சாவி அவரிடம் இருக்கிறது, மீட்டரில் ஒரு கோளாறும் இல்லை. அந்தச் சின்ன ஹெல்மெட் அவர் தலைக்குக் கச்சிதமாக இருக்கிறது.

கடிதத்தைக் கிழிக்கப் போனேன். லாத்தா கையைப் பிடித்துக்கொண்டார். “கிழிக்காதடா, அவுக படிக்கட்டும். வெள்ளிக்கிழம மீட்டர் போட்டோவ இனிமே நானே அனுப்புறேன்னு அடியில எழுது.”

எழுதிவிட்டேன்.