பள்ளியெழுச்சி பாடிய முள்ளம்பன்றி

ஒரு காட்டில் சிங்கம் அரசாண்டது என்று தொடங்குவது மரபு. இந்தக் காட்டிலும் சிங்கம் இருந்தது. அரசாண்டதென்னவோ ஏரிக்கரையில் இருந்த கணினி. அதன் கண்ணாடியில் பாதத்தைப் பதிக்க வேண்டும். பழைய பதிவோடு ஒத்துப்போனால் மதகு திறக்கும், குடிக்கலாம். கோடையில் பாதம் வெடித்த மான்களை அது மான்கள் என்றே ஒப்புக்கொள்ளவில்லை. சிங்கமும் வரிசையில் நின்றது, ராஜநடையோடு.

அங்கே கூர்மதியன் என்றொரு முள்ளம்பன்றி வசித்தது. அதற்கு ஒரே ஆசை. கணினியை முழுதாக நடத்தும் நிரலான இயங்குதளம் ஒன்றை அது தானே எழுதியிருந்தது; அது ஊர் பார்க்க ஒரு கணினியில் எழுந்து நிற்க வேண்டும். அதனால் யாருக்கு என்ன பயன் என்று கேட்டவர்களுக்கு முள்ளைச் சிலிர்த்துக் காட்டியது.

இயங்குதளம் தானாக எழாது. மின்சாரம் வந்ததும் கணினிக்குத் தன் பெயர்கூட நினைவிருக்காது. எல்லாவற்றையும் சேமித்து வைக்கும் டிஸ்க்கின் தலைப்பகுதியில் எழுதியிருப்பதை அப்படியே செய்யும். அங்கே உட்கார்ந்து இயங்குதளத்தைத் தேடி எழுப்பும் குட்டி நிரல்தான் பூட்லோடர். சாமிக்குப் பாடும் பள்ளியெழுச்சி மாதிரி.

மதகுக் கணினியின் காவலனான உடும்பு, கூர்மதியனின் நண்பன். ஊரே பயன்படுத்தும் பூட்லோடர் இலவசமாகக் கிடைக்கிறதே என்றது.

"எவனோ தட்டி எழுப்பி என் பிள்ளை எழுந்திரிக்கணுமா, மாப்ளே?"

ஆகவே சொந்தமாக எழுதியது. தலைப்பகுதியோ எறும்புப் புற்றின் வாயளவு, நிரல் அடங்கவில்லை. பிழைச் செய்திகளை எல்லாம் வெட்டியது. 'வணக்கம்' என்ற வரவேற்பை மட்டும் வெட்ட மனம் வரவில்லை. பூட்லோடரை டிஸ்க்கில் பதிக்க ஒரு கருவியும் எழுதியது. அதில் 'உறுதிதானா?' என்ற கேள்வியை வைக்கவில்லை. படைத்தவனைப் பார்த்து அப்படிக் கேட்பது மரியாதையல்ல என்பது அதன் கருத்து.

சோதித்துப் பார்க்கக் கணினி வேண்டும். சொந்தக் கணினியில் சொந்தக் கோப்புகள் இருந்தன. எனவே பொதுக் கணினியே பொருத்தம் என்று முடிவாயிற்று. உடும்பு நட்புக்காகக் கதவைத் திறந்தது. பென்டிரைவில் மட்டும் எழுது, பாதப் பதிவுகள் இருக்கும் உள் டிஸ்க்கைத் தொடாதே என்று கெஞ்சவும் செய்தது. கூர்மதியன் தன் வீட்டில் வழக்கமாகத் தட்டும் டிஸ்க் பெயரையே கைப்பழக்கத்தில் தட்டியது. இங்கே அது உள் டிஸ்க்கின் பெயர். கருவி எதுவும் கேட்காமல் அங்கே இருந்ததை அழித்து எழுதியது.

கணினி மறுபடி எழுந்தது. 'வணக்கம்' என்றது. பூட்லோடர் உள் டிஸ்க்கில் இயங்குதளத்தைத் தேடியது. அதுவோ பென்டிரைவில் இருந்தது. கிடைக்காமல் நின்றுவிட்டது. ஏன் நின்றது என்று சொல்ல அதனிடம் பிழைச் செய்தி இல்லை.

"பாதப் பதிவெல்லாம் எங்கடா, மாப்ளே?" என்றது உடும்பு. வேலையை அது பிடித்திருந்த பிடி முதன்முறையாகத் தளர்ந்தது.

விடிந்ததும் வரிசை கூடியது. தாகம் தாங்காத யானை, கணினி அசையாமல் கிடப்பதைப் பார்த்து, துதிக்கையால் மதகைத் தூக்கியது. நேற்றுவரை அது விதிமீறல். இன்று விதியைச் சொல்ல ஆளில்லை. மான்களும் குடித்தன.

கூர்மதியன் காடு கடத்தலுக்கு மூட்டை கட்டிக்கொண்டு வந்து நின்றது. சிங்கம் திரையையே நெடுநேரம் பார்த்தது.

"இத்தனை வருஷத்தில் இது எனக்கு வணக்கம் சொன்னதே இல்லை," என்றது.

உடனே இது காட்டின் சொந்தக் கண்டுபிடிப்பு என்று அறிவிப்பு வந்தது. கூர்மதியனுக்குப் பொன்னால் ஒரு முள் செய்து குத்தினார்கள். அது பென்டிரைவை நீட்டியது.

"அரசே, இது பள்ளியெழுச்சி மட்டும்தான். சாமி இனிமேல்தான் எழ வேண்டும். ஒருதரம் செருக அனுமதித்தால்..."

"எழ வேண்டாம்," என்றது சிங்கம். "எழுந்தால் பாதத்தைக் கேட்கும்."

அன்றே பென்டிரைவ் தடைசெய்யப்பட்ட பொருளாயிற்று. கூர்மதியன் இப்போதும் பொன்முள்ளோடு ஏரிக்கு வருகிறது. எல்லோரும் வழிவிடுகிறார்கள். தண்ணீர் குடித்துவிட்டு, திரையில் 'வணக்கம்' பக்கத்தில் விட்டுவிட்டு மின்னும் சின்னக் கோட்டினைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டுப் போகிறது.

நீதி: பொதுச்சொத்தை அழிப்பவன், அழித்த இடத்தில் 'வணக்கம்' என்று எழுதி வைக்கக் கடவன், அதற்குமேல் ஏதும் செய்து காட்ட முயன்றால்தான் குற்றம்.